வால்பாறை இறக்கத்துல பிரேக் பிடிக்காம போன ஒரு வேன்: காலடிப்பேட்டைல இருந்து போன டூர்ல நடந்தது முழுசா

பின்னணி

திருவொத்தியூர் காலடிப்பேட்டைல எங்க தெருக்காரங்க வருஷா வருஷம் பொங்கல் முடிஞ்சதும் ஒரு வேன் எடுத்து டூர் போறது வழக்கம். திருச்செந்தூர், ராமேஸ்வரம், வேளாங்கண்ணின்னு எல்லாமே கடலோரமாவே போயிட்டு இருந்தோம், கடல் நம்ம வீட்டு வாசல்லயே இருக்கு, இந்த வாட்டியாவது மலைக்குப் போலாம்னு பொம்பளைங்க எல்லாம் ஒரே முடிவா சொன்னாங்க. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாசத்துல இருந்து இ-பாஸ் எடுக்கணும்னு ஆயிடுச்சு, கூட்டமும் ஜாஸ்தி, வால்பாறைக்கு அப்ப இ-பாஸ் இல்லை, அதனால வால்பாறைன்னு முடிவாச்சு. மொத்தம் 15 பேர். பெரியவங்க 12, பசங்க 3. மூத்தவங்க 71 வயசு அம்மா, சின்னது 6 வயசுப் பொண்ணு.

நான் ரயில்வேல முப்பது வருஷத்துக்கு மேல பிரேக் செக்ஷன்ல வேலை பாத்து ரிட்டையர் ஆனவன். இதை முன்னாடியே சொல்லிடறேன், ஏன்னா பிரேக்கைப் பத்தித் தெரியாதவன் ஒருத்தன் வேன்ல உக்காந்திருந்தான்னா அது வேற விஷயம், தெரிஞ்சவன் உக்காந்திருந்தும் இது நடந்துச்சு. அதனாலதான் எழுதறேன்.

டிரைவர் எங்க பக்கத்துத் தெரு தம்பி, முப்பது வயசுக்குள்ள. ஆறு வருஷமா கண்டெய்னர் ட்ரெய்லர் ஓட்டுறாரு, மணலி ரோட்டுலயும் எண்ணூர் ஹைரோட்லயும் துறைமுக கேட்டுக்கு க்யூல நின்னு நின்னு பழகினவரு, வண்டியை இஞ்ச் இஞ்சா ரிவர்ஸ் எடுக்கிறதுல அவரை மிஞ்ச ஆள் இல்லை. சனி ஞாயிறுல வேன் ஓட்டுவாரு. ஆனா மலை ரோடு ஓட்டினதே இல்லை. நாங்களும் கேக்கலை, அவரும் சொல்லலை. நம்ம ஏரியால ஏத்தம்னா மேம்பாலம்தான், ராயபுரத்துல இருந்து எண்ணூர் வரைக்கும் தரை தட்டு மாதிரி இருக்கும், அதுல வளந்தவங்களுக்கு மலை ரோடு தனி வித்தைன்னு மனசுல தோணவே தோணாது. நல்லா ஓட்டுற பையன்னா எங்கேயும் நல்லா ஓட்டுவான்னு நினைச்சிட்டோம்.

வேன் 17 சீட்டு, டீசல், முன் வீலுக்கு டிஸ்க் பிரேக், பின் வீலுக்கு டிரம். வாடகைக்கு விட்டவரு "ஃபுல் சர்வீஸ் பண்ணி வெச்சிருக்கேன்"னு சொன்னாரு, டயரைப் பாத்தோம், ஏசியைப் போட்டுப் பாத்தோம், ஸ்பீக்கரைக் கூட போட்டுப் பாத்தோம். பானெட்டைத் தூக்கி பிரேக் ஆயில் டப்பாவை ஒரு தடவை எட்டிப் பாத்திருந்தா போதும். பாக்கலை.

ரோடு எப்படிப்பட்டது

போகாதவங்களுக்காக ரோட்டைப் பத்திச் சொல்லணும், இல்லேன்னா பின்னாடி நடந்தது புரியாது.

பொள்ளாச்சில இருந்து வால்பாறை 64 கிலோமீட்டர், மாநில நெடுஞ்சாலை 78. முதல் 24 கிலோமீட்டர் ஆழியாறு வரைக்கும் சமவெளி, ரெண்டு பக்கமும் தென்னந்தோப்பு, ஓட்டுறவருக்கு ஒரு வேலையும் இல்லை. ஆழியாறு அணைகிட்ட வனத்துறை செக்போஸ்ட், அதைத் தாண்டினா ஆனைமலை புலிகள் காப்பகம். கொஞ்சம் மேல குரங்கு அருவி. அதுக்கப்புறம் ஏறிக்கிட்டே போகுது, 40 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொண்ணுக்கும் கீழ இருந்து நம்பர் போட்டு போர்டு வெச்சிருக்காங்க. 9-வது வளைவுதான் லோம்ஸ் வியூ, அங்க நின்னா ஆழியாறு அணை மொத்தமும் காலுக்குக் கீழ ஒரு தட்டுல தண்ணி ஊத்தி வெச்ச மாதிரி தெரியும், அதைச் சுத்தி தென்னை. பாறை மேல வரையாடு நின்னுக்கிட்டு இருக்கும், நம்மளைப் பாத்து பயப்படாது. அப்புறம் அட்டகட்டி, அங்க இருந்து காடம்பாறைக்கு ஒரு ரோடு பிரியுது. அதையும் தாண்டினா தேயிலை ஆரம்பிச்சிடும், கவர்கல் பக்கம் எப்பவும் பனிமூட்டம், அய்யர்பாடி, ரொட்டிக்கடை, புதுத்தோட்டம், அப்புறம் டவுன். வால்பாறை சுமார் 3,500 அடி உயரம். ரோடு அதோட முடியலை, சோலையாறு வழியா மளுக்கப்பாறை போயி கேரளாவுக்குள்ள சாலக்குடி வரைக்கும் போகுது.

காடம்பாறைன்னதும் எங்க வேன்ல இருந்த ஒரு அண்ணன் எழுந்தே உக்காந்துட்டாரு, அவரு அத்திப்பட்டு அனல் மின் நிலையத்துல வேலை பாத்தவரு. கரண்ட் மிஞ்சுற நேரத்துல தண்ணியை மேல பம்ப் பண்ணி வெச்சு, தேவைப்படுற நேரத்துல அதே தண்ணியைக் கீழ விட்டு 400 மெகாவாட் வரைக்கும் எடுக்கிற நிலையம் அது, மலைக்குள்ள பூமிக்கு அடியில இருக்கு. "நாம ராத்திரில எரிக்கிற நிலக்கரி இங்க தண்ணியா மேல ஏறி நிக்குதுப்பா"ன்னு அவரு சொன்னது எனக்கு அப்ப ஒரு தகவலா மட்டும்தான் காதுல விழுந்துச்சு. மேல ஏறின எதுவும் இறங்கும்போது அந்த சக்தியைத் திருப்பிக் கொடுத்துட்டுத்தான் இறங்கும். தண்ணி கொடுத்தா கரண்ட். வேன் கொடுத்தா சூடு.

ரோடு போட்ட கதையும் கொஞ்சம். 19-ம் நூற்றாண்டு கடைசியில இங்க காடு அழிச்சு காபியும் அப்புறம் தேயிலையும் போட வெள்ளைக்காரத் தோட்டக்காரங்க வந்தாங்க. அதுல கார்வர் மார்ஷ்ங்கிறவருக்கு ரோட்டோரமா சிலையே வெச்சிருக்காங்க. பாதை போட்டதுல முக்கியமான ஆளு லோம், அவரு பேர்லதான் அந்த 9-வது வளைவு. ஆனா பாறையை உடைச்சதும் மண்ணு சுமந்ததும் மதுரை, திருநெல்வேலிப் பக்கம் சமவெளில இருந்து மலையேறின கூலி ஜனங்க, அவங்களுக்கு எந்த வளைவுலயும் பேர் இல்லை. வேல்ஸ் இளவரசர் ஆனைமலைக்கு வேட்டைக்கு வரப்போறாருன்னு அவசர அவசரமா பாதை போட்டதாவும், கடைசில அவரு வரவே இல்லைன்னும் வால்பாறையில ஒரு கதை சொல்றாங்க. அதே இளவரசர்தான் 1875 டிசம்பர்ல நம்ம மெட்ராஸ் துறைமுகத்துக்குக் கல்லு நட்டவரு. இதை நான் சொன்னதும் டிரைவர் தம்பி சிரிச்சுக்கிட்டே "நம்மாண்ட வந்துட்டு அப்டியே போயிட்டாரா மாமா"ன்னாரு.

இந்தக் கதைல வேலைக்கு ஆகுற விஷயம் ஒண்ணு இருக்கு. இது மோட்டார் வண்டி வர்றதுக்கு முன்னாடியே யோசிச்ச பாதை. நேரா ஏற முடியாத மலையை, தூரத்தைக் கூட்டி சரிவைக் குறைச்சு, மடிச்சு மடிச்சு ஏத்தியிருக்காங்க. ஒரு இடத்துலயும் சரிவு பயங்கரமா தெரியாது. அதுதான் ஏமாத்துது. பயங்கரமா தெரிஞ்சா டிரைவர் ஜாக்கிரதையா இருப்பாரு, மெதுவான இறக்கம்னா கால் பாட்டுக்கு பிரேக் மேலயே கிடக்கும், கிலோமீட்டர் கணக்கா.

ஏறும்போதும் மேல இருந்தப்பவும் பாத்தது

வெள்ளிக்கிழமை ராத்திரி எட்டு மணிக்குக் கிளம்பி, சனிக்கிழமை காலைல பொள்ளாச்சி. ஐநூறு கிலோமீட்டருக்கு மேல, ஒரே டிரைவர். ரெண்டு மணி நேரம் தூங்கச் சொல்லிட்டு நாங்க டிபன் சாப்பிட்டோம். அப்புறம் மலை ஏறினோம். ரெண்டு மணி நேரத் தூக்கம் போதும்னு நாங்களா முடிவு பண்ணிக்கிட்டது முதல் தப்பு, அது அன்னிக்கு எதுவும் பண்ணலைங்கிறதால தப்பு இல்லேன்னு ஆகாது.

ஏத்தத்துல தம்பி நல்லாவே ஓட்டினாரு. வளைவுல ஹார்ன் அடிச்சு, ரெண்டாவது கியர்ல, மேல இருந்து வர்ற வண்டிக்கு வெளிச்சம் போட்டுக் காட்டி. ஏறுற வண்டிக்குத்தான் இறங்குற வண்டி வழி விடணும்ங்கிறது சட்டம், அது அவருக்கும் தெரிஞ்சிருந்துச்சு. பசங்க ஒவ்வொரு வளைவு நம்பரையும் சத்தமா எண்ணிக்கிட்டு வந்தாங்க. இருபதுக்கு மேல அந்த சின்னப் பொண்ணு வாந்தி எடுத்துடுச்சு, நிறுத்தி இஞ்சி மிட்டாய் கொடுத்தோம்.

சனிக்கிழமை சாயங்காலம் சோலையாறு பக்கம் போயிட்டுத் திரும்புறப்பதான் நான் கவனிச்சேன். சின்ன சின்ன இறக்கத்துல தம்பி கியரை நியூட்ரலுக்குத் தள்ளி வண்டியை உருள விடுறாரு. ட்ரெய்லர்ல டீசல் மிச்சம் பண்ண பழகின பழக்கம். இன்ஜின் சத்தம் அடங்கி வண்டி பாட்டுக்கு வழுக்கிட்டுப் போறது உக்காந்திருக்கிறவங்களுக்கு சுகமாத்தான் இருக்கும். எனக்கு உள்ளுக்குள்ள உறுத்துச்சு. ராத்திரி தனியா கூப்பிட்டு சொல்லலாம்னு நினைச்சேன். சாப்பிட்டு முடிச்சதும் அவரு அசந்து தூங்கிட்டாரு, நேத்து முழுக்க முழிச்ச பையன், எழுப்ப மனசு வரலை. காலைல புதுத்தோட்டத்துல சிங்கவால் குரங்கு பாக்கப் போனோம், ரோட்டுக்கு மேல மரத்துக்கு மரம் கட்டி விட்டிருக்கிற பாலத்துல அதுங்க வரிசையா நடந்து போறதைப் பசங்க வாயைப் பிளந்து பாத்துக்கிட்டு இருந்தாங்க, அதுல அந்தப் பேச்சே மறந்துடுச்சு.

ரயில்ல மலை செக்ஷன் இறங்குறதுக்கு முன்னாடி வண்டியை நிறுத்தி பிரேக் டெஸ்ட் பண்ணாம ஒரு அடி நகர விட மாட்டாங்க. முப்பது வருஷம் அந்தக் கட்டுப்பாட்டுக்குள்ள வேலை பாத்துட்டு, என் வீட்டு ஜனங்களை ஏத்திக்கிட்டு இறங்குறப்ப அதைக் கேக்காம விட்டுட்டேன்.

இறக்கம்

ஞாயிறு மதியம் ரெண்டரைக்குக் கிளம்பினோம். கவர்கல்ல பனி, முன்னாடி பத்தடிதான் தெரிஞ்சுது, தம்பி மெதுவா பிரேக்கை மிதிச்சு மிதிச்சு வந்தாரு. பனி தாண்டினதும் வெயில், எல்லாரும் ஜன்னலைத் திறந்தாங்க. அட்டகட்டில டீ குடிக்க நிறுத்தி இருக்கலாம், "கீழ போயிக் குடிக்கலாம், நேரமாச்சு"ன்னு நாங்களே சொன்னோம். நின்னிருந்தா பிரேக்குக்கு ஒரு இருபது நிமிஷம் ஆறக் கிடைச்சிருக்கும்.

அட்டகட்டி தாண்டி கொஞ்ச நேரத்துல கடைசி சீட்டுல இருந்த அந்த 71 வயசு அம்மா "இன்னாடா ஏதோ கருகுற நாத்தம் வருது, எவனாச்சும் பீடி கீடி போட்டீங்களா"ன்னாங்க. எனக்கு மூக்குல ஏறினதுமே தெரிஞ்சுது. பிரேக் லைனர், அதாவது டிரம்முல உரசி வீலை நிறுத்துற பட்டை, அது கருகுற வாசனை, துணி கருகுறதுக்கும் ரப்பர் கருகுறதுக்கும் நடுவுல, தொண்டையில போயி ஒட்டிக்கிற ஒரு காரம். முப்பது வருஷம் மோந்தது. எழுந்து முன்னாடி போனேன்.

"தம்பி, பெடல் எப்டி இருக்கு?"

"கொஞ்சம் கீழ போவுது மாமா. பம்ப் பண்ணா புடிக்குது."

கியரைப் பாத்தேன், நியூட்ரல். கையால அவரு தோளைத் தொட்டேன், கத்தலை. கத்தினா பின்னாடி 13 பேரு கத்துவாங்க, அவரு கை நடுங்கும். "மூணாவது போடு, ஆக்சிலரேட்டரை ஒரு தட்டு தட்டிட்டுப் போடு"ன்னேன். வேகம் முப்பதுக்கு மேல இருந்துச்சு. அவரு ட்ரெய்லர் ஓட்டின கை, ஓடுற வண்டியில கியரைக் கீழ இறக்கறது அவருக்குத் தெரியும், ஒரே தட்டுல விழுந்துச்சு, இன்ஜின் ஓன்னு கத்துச்சு, வண்டி பின்னாடி யாரோ பிடிச்சு இழுத்த மாதிரி அடங்குச்சு. அப்புறம் ரெண்டாவது. அந்த நேரத்துல பதட்டத்துல கியர் விழாம போயிருந்தா என்ன ஆகியிருக்கும்னு நான் எத்தனையோ ராத்திரி யோசிச்சிருக்கேன்.

அடுத்த வளைவுல பெடலை மிதிச்சப்ப அது பஞ்சை மிதிச்ச மாதிரி தரை வரைக்கும் போயிடுச்சு, அவரு முகத்துல ரத்தமே இல்லை. ரெண்டாவது கியரோட பிடியிலயே மலைப்பக்கமா ஒட்டி ஒட்டி வளைவைத் திருப்பினாரு. 14-ன்னு போர்டு தாண்டி, உள் பக்கம் கொஞ்சம் அகலமா மண்ணு இடம் ஒண்ணு தெரிஞ்சுது, "அங்க"ன்னேன். முதல் கியர், அப்புறம் ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமா. முன் டயர் மண்ணு மேட்டுல முட்டி நின்னுச்சு. மணி மூணே முக்கால் இருக்கும்.

நின்ன இடத்துல எடுத்த முடிவுகள், ஏன் எடுத்தோம்

முதல்ல நாலு டயருக்கும் கல்லு. கியரை முதல் கியர்லயே விட்டு, ஹேண்ட் பிரேக்கைத் திரும்பத் தளர்த்தச் சொன்னேன். அது நிறைய பேருக்குத் தப்பாத் தோணுச்சு, "ஹேண்ட் பிரேக்கை எடுக்கிறியே"ன்னு ஒருத்தர் சண்டைக்கே வந்துட்டாரு. காரணம் இதுதான், அந்த வண்டியில ஹேண்ட் பிரேக் பிடிக்கிறது அதே பின் டிரம்மைத்தான், கொதிக்கிற டிரம் மேல லைனரை இறுக்கி வெச்சா சூடு வெளிய போக வழி இருக்காது, ஆறும்போது டிரம் சுருங்கிப் பிடிச்சுக்கவும் செய்யும். கல்லும் கியரும் போதும்.

எல்லாரையும் கீழ இறக்கி மலைச்சுவர் பக்கமா, வண்டிக்கு முன்னாடி இல்லாம மேல் பக்கத்துல உக்கார வெச்சோம். புலிகள் காப்பகத்துக்குள்ள நிக்கிறோம், யாரும் தனியா காட்டுப் பக்கம் ஒதுங்கக் கூடாதுன்னு சொன்னேன். ரெண்டு பேரை வளைவுக்கு மேலயும் கீழயும் நிறுத்தி துண்டை ஆட்டச் சொன்னோம், வர்ற வண்டி தெரிஞ்சுக்கணுமே.

ஒரு அண்ணன் ரெண்டு லிட்டர் தண்ணி பாட்டிலை எடுத்துக்கிட்டு வீலுக்கு ஓடினாரு. அவரு கையைப் பிடிச்சு நிறுத்தினேன். அவ்வளவு சூட்டுல இருக்கிற இரும்புல பச்சைத் தண்ணி பட்டா டிஸ்க்கு கோணும், டிரம் விரிசல் விடும், அப்புறம் ஆறினாலும் பிரயோஜனம் இல்லை. காத்துலயே ஆறட்டும்னு உக்காந்தோம். முன் வீல் கிட்ட முகத்தைக் கொண்டு போனா இட்லிக் குண்டானைத் திறந்த மாதிரி அனல் அடிச்சுது, அரை அடி தூரத்துலயே. டிஸ்க்கு ஓரம் நீலமா மாறியிருந்துச்சு.

அந்த உக்காந்த நேரத்துல தம்பிகிட்ட ஒரு கணக்கு சொன்னேன். ஆளு, சாமான் எல்லாம் சேத்து வண்டி சுமார் நாலு டன். வால்பாறைல இருந்து ஆழியாறு வரைக்கும் மொத்த இறக்கம் எழுநூறு மீட்டர்னு வெச்சுக்கிட்டா, அதுல வெளிய வர்ற சூடு சுமார் 90 லிட்டர் பச்சைத் தண்ணியைக் கொதிக்க வைக்கும். டயரும் காத்தும் ஒரு பங்கை எடுத்துக்கும். மிச்சத்தை இன்ஜின் எடுத்துக்கணும், இல்லேன்னா இந்த நாலு வீலுக்குள்ள இருக்கிற பிரேக் எடுத்துக்கணும். நியூட்ரல்ல விட்டா இன்ஜின் எதையும் எடுத்துக்காது. அவரு ரொம்ப நேரம் அந்த வீலையே பாத்துக்கிட்டு இருந்தாரு. "டீசல் மிச்சமாவும்னு நெனச்சேன் மாமா"ன்னாரு. அவரைத் திட்டணும்னு ரெண்டு பேரு எழுந்தாங்க, நான் விடலை. இன்னும் பாதி மலை இறங்கணும், இறக்கப் போறது அவருதான்.

பெரிய முடிவு அடுத்தது. ஆறினதும் எல்லாரையும் ஏத்திக்கிட்டு இறங்கறதா, வேண்டாமா. அரை மணி ஆனதும் தம்பி பெடலை மிதிச்சுப் பாத்தாரு, கொஞ்சம் மேல வந்திருந்துச்சு, "இப்ப புடிக்குது"ன்னாரு. நாலு பேரு உடனே ஏற ரெடி ஆயிட்டாங்க. எனக்கு ஒத்துக்க முடியலை. சூட்டுல லைனர் பிடிப்பு குறையிறது ஒண்ணு, அது ஆறினா திரும்ப வரும். ஆனா பெடல் பஞ்சு மாதிரி போறது ஆயில் கொதிச்சு உள்ள குமிழ் விட்டதுக்கு அடையாளம். பிரேக் ஆயில் காத்துல இருக்கிற ஈரத்தை உறிஞ்சும். டாட் 3-ங்கிற ரக பிரேக் ஆயில் புதுசா இருக்கும்போது 205 டிகிரி வரைக்கும் கொதிக்காது, ஈரம் ஏறினது 140-லயே கொதிச்சிடும். நம்ம கடலோர ஈரக் காத்துல நிக்கிற வண்டி. ஒரு தடவை கொதிச்ச ஆயில் அடுத்த தடவையும் கொதிக்கும். அதனால பெடல் திரும்ப வந்ததை நம்பி 15 பேரை ஏத்த முடியாது.

அப்பதான் மேல இருந்து பொள்ளாச்சி போற அரசு பஸ் வந்துச்சு. துண்டை ஆட்டினதும் நிறுத்தினாரு. அந்த டிரைவர் இறங்கி வந்து ஒரு தடவை வீலை மோந்து பாத்தாரு, அவ்வளவுதான். "ஏனுங்க, நியூட்ரல்ல உட்டீங்களா? ஏறுனப்ப எந்த கியர்ல ஏறுனீங்களோ அதே கியர்ல எறங்கோணுமுங்க. பிரேக்கு நிக்கறதுக்குத்தான், எறங்கறதுக்கு இல்லீங்க." ஒரு நாளைக்கு எத்தனை தடவை இந்த ரோட்டை ஏறி இறங்கறாரோ. பஸ்ல ஏற்கனவே கூட்டம், இருந்தாலும் 12 பேரையும் ஏத்திக்கிட்டாரு. அந்த 71 வயசு பெரியம்மாவுக்கு ஒரு எஸ்டேட் அக்கா எழுந்து சீட்டு கொடுத்தாங்க. இருட்டுறதுக்கு முன்னாடி ஜனங்க கீழ போயிடணும்ங்கிறது என் கணக்கு, சாயங்காலம் ஆனா யானை ரோட்டுக்கு வரும், பசங்களை வெச்சுக்கிட்டு அங்க நிக்க முடியாது. வண்டியோட எடையும் அரை டனுக்கு மேல குறைஞ்சுது.

மிச்சம் மூணு பேரு. தம்பி, நான், அத்திப்பட்டு அண்ணன்.

கீழ வந்தது

நாலே முக்காலுக்குக் கிளம்பினோம். முதல் கியர், சில இடத்துல ரெண்டாவது. மனுஷன் வேகமா நடந்தா தாண்டிப் போற வேகம். பிரேக்கை வளைவுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை அழுத்தி உடனே விடணும், காலை மேலயே வெச்சுக்கக் கூடாது. இன்ஜினை அணைக்கவே கூடாது, அணைச்சா கால் அழுத்தத்தைக் கூட்டிக் கொடுக்கிற பிரேக் பூஸ்டர் வேலை செய்யாது, ஸ்டீயரிங்கும் கல்லு மாதிரி ஆயிடும். பின்னாடி கார்க்காரங்க ஹார்ன் அடிச்சாங்க, அகலம் வர்ற இடத்துல எல்லாம் ஒதுங்கி வழி விட்டோம். ஒதுங்கின ஒவ்வொரு தடவையும் அத்திப்பட்டு அண்ணன் இறங்கிக் கல்லு வெச்சாரு, கிளம்பும்போது எடுத்தாரு, ஒரே கல்லு, கடைசி வரைக்கும் மடியிலயே வெச்சிருந்தாரு.

9-வது வளைவுல திரும்ப நிறுத்தி கால் மணி நேரம் ஆற விட்டோம். கீழ அணை மேல சாயங்கால வெயில் அடிச்சுக்கிட்டு இருந்துச்சு, ஏறும்போது எல்லாரும் போட்டோ எடுத்த அதே சுவர். பாறை மேல மூணு வரையாடு. செங்குத்தா இருக்கிற பாறையில அதுங்க ஒவ்வொரு காலா வெச்சு, நிதானமா இறங்கிக்கிட்டு இருந்துச்சு. தம்பி அதையே பாத்துட்டு இருந்தாரு, யாரும் ஒண்ணும் பேசலை.

ஆறேகாலுக்கு ஆழியாறு செக்போஸ்ட். பஸ்ல போனவங்க அங்கேயே இறங்கி டீக்கடையில எங்களுக்காகக் காத்துக்கிட்டு இருந்தாங்க, சின்னப் பொண்ணு ஓடி வந்து தம்பியோட காலைக் கட்டிக்கிச்சு. அப்பதான் அவரு அழுதாரு.

பட்டறையில தெரிஞ்சது

பொள்ளாச்சில ராத்திரி ரூம் போட்டு, திங்கக்கிழமை காலைல பட்டறைக்குப் போனோம். மெக்கானிக் டிரம்மைக் கழட்டினதும் லைனரைக் கையில கொடுத்தாரு, மேல் பக்கம் கண்ணாடி மாதிரி பளபளன்னு இருந்துச்சு, நகத்தால கீறினா கீறல் விழலை. பின் இடது பக்கம் பிரேக் ஆயில் வர்ற வீல் சிலிண்டர்ல கசிவு, அது மலைக்கு முன்னாடியே இருந்த கசிவு, அழுக்கு கட்டி காஞ்சு போயிருந்துச்சு. ஆயில் காபி டிகாஷன் கலர். எப்ப மாத்தினதுன்னு வாடகைக்கு விட்டவருக்கு போன் போட்டுக் கேட்டோம், சரியா சொல்லலை, சர்வீஸ்னா இன்ஜின் ஆயிலும் ஃபில்டரும்னு அவரு நினைச்சிருக்காரு. லைனர், முன் பேட், சிலிண்டர் கிட், டாட் 4 ஆயில், கூலி எல்லாம் முதல்ல நாங்கதான் கொடுத்தோம், அதுல பாதியைத் திரும்ப வாங்கவே ரெண்டு மாசம் பேச வேண்டியதாச்சு. அதுல எனக்கு இன்னும் வருத்தம் உண்டு.

மெக்கானிக்கோட கருத்தும் என் கருத்தும் ஒண்ணுதான். கசிவு மட்டும் இருந்திருந்தா சென்னைல தெரிஞ்சிருக்காது. நியூட்ரல் மட்டும் இருந்திருந்தா வாசனை வந்ததோட நின்னிருக்கும். பழைய ஆயில், கசிவு, நியூட்ரல், வழியில எங்கேயும் நிக்காம இறங்கினது, இந்த நாலும் ஒரே மதியத்துல சேந்துடுச்சு.

யாருக்கும் அடி இல்லை. பெரியம்மாவுக்கு மட்டும் ரெண்டு நாள் பிரஷர் ஏறி இருந்துச்சு, ஊருக்கு வந்து டாக்டர்கிட்ட காட்டினோம்.

இப்ப மாத்தியிருக்கிறது

தெருவுல உக்காந்து பேசினோம், ரெண்டு மூணு தடவை. டிரைவரை மாத்தணும்னு சிலர் சொன்னாங்க. நான் ஒத்துக்கலை. வண்டி நின்னதுக்கும் அவரு கைதான் காரணம், யாரும் அவருக்கு மலை இறங்கச் சொல்லிக் கொடுக்காததுதான் குறை. அவரே பொள்ளாச்சிப் பக்கம் லோடு ஓட்டுற ஒரு நண்பரோட ரெண்டு தடவை பக்கத்து சீட்டுல உக்காந்து மலை ஏறி இறங்கிட்டு வந்தாரு, தன் காசுல.

வண்டி எடுக்கிறதுக்கு முந்தின நாள் நானே போயி பிரேக் ஆயிலோட கலரையும் நாலு வீலுக்கு உள்பக்கமும் பாக்கறேன், கடைசியா ஆயில் மாத்தின பில்லு காட்டலேன்னா வண்டி வேண்டாம்னு சொல்லிடறோம். நானூறு கிலோமீட்டருக்கு மேலன்னா ரெண்டு டிரைவர், இல்லேன்னா மலைக்கு முந்தின ஊர்ல ராத்திரி தங்கல். இறக்கம் ஆரம்பிக்கிற இடத்துல வண்டியை நிறுத்தி பெடலைப் பாத்துட்டுத்தான் இறங்கணும், பாதி வழியில பசிக்கலேன்னாலும் ஒரு டீ. பின் சீட்டுல மூக்கு நல்லா இருக்கிற ஒருத்தர் உக்காரணும்னு பெரியம்மா சொன்னாங்க, அந்த சீட்டை அவங்களே எடுத்துக்கிட்டாங்க. இதெல்லாம் பெரிய விஷயம் இல்லை, ஆனா இன்னொண்ணு எனக்குக் கஷ்டமா இருந்துச்சு. தப்பு கண்ணுல பட்டா அப்பவே சொல்லிடணும், தூங்குறவரை எழுப்பியாவது. சனிக்கிழமை ராத்திரி நான் அதைச் செய்யலை.

மே மாசம் ஏலகிரி போனோம், 14 வளைவு. அதே தம்பிதான். மேல இருந்து கிளம்புறதுக்கு முன்னாடி அவரே வண்டியை நிறுத்தி பெடலை மூணு தடவை மிதிச்சுப் பாத்துட்டு, "கல்லு மாரி இருக்கு மாமா"ன்னாரு. கீழ வர்ற வரைக்கும் ரெண்டாவது கியரை மாத்தலை. ஏலகிரி அடிவாரத்துல இருக்கிற பொன்னேரிகிட்ட இறங்கி நான் முன் வீலுக்குப் பக்கத்துல கையைக் கொண்டு போனேன், வெதுவெதுன்னு இருந்துச்சு, அவ்வளவுதான். அத்திப்பட்டு அண்ணன் மடியில அந்த வால்பாறைக் கல்லு இருந்துச்சு, இறக்கவே தேவைப்படலை.